சங்குக்கு முந்திய கைகள்

“…அப்போ வெடி போடறப்ப எதுக்கு டீச்சர் காதைப் பொத்துறா? எல்லாப் புள்ளைக்கும் முந்தி எம்மவதானே பொத்துறா? நீங்கதானே சொன்னீங்க?”

கேட்டவள் பாப்பாவின் அம்மா. மைன்ஸ் வேலை முடிந்து நேராக எங்கள் பாலவாடிக்கு வந்திருந்தாள். சுண்ணாம்புக்கல் தூசி புருவத்தில்கூட வெள்ளையாகப் படிந்திருந்தது. தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமல் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். டீச்சர் கையில் ஒரு பனையோலைக் காத்தாடி. ஆடி மாதம் என்பதால் வேலியில் வரிசையாகச் செருகியிருந்த காத்தாடிகள் எல்லாம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. வாசலில் மற்றப் பிள்ளைகள் காற்றுப் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையில் இருந்தது மட்டும் சுற்றவில்லை. நடுவில் அச்சாகக் குத்திய முள்ளோடு சேர்த்து ஓலையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். பாப்பா தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தையும் டீச்சரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நான் பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான், என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

நான் அந்தப் பாலவாடியில் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. “புள்ளையே பெக்காம ஆயா ஆயிட்ட, கொடுத்துவச்சவ நீ” என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் எழுத்து எனக்கு வசப்பட்டது. ஆனாலும் என் மனசு எப்போதும் எழுத்தைவிடப் பேச்சின் பக்கம்தான் சாயும். யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையை எப்படி இழுத்தார்கள் என்பது எனக்கு மறக்கவே மறக்காது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பேசிய பேச்செல்லாம் இன்றைக்கும் எனக்குள் அப்படியே கேட்கிறது. ஒருத்தியின் பேச்சு மட்டும் கேட்பதில்லை. அவள் பேசவே இல்லை.

எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கம். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான். அதை வெட்டி எடுக்கிற சுரங்கத்தை நாங்கள் மைன்ஸ் என்போம். தா.பழூர் பக்கத்திலிருந்து வயல் வேலை இல்லாமல் வந்த குடும்பங்கள் மைன்ஸை ஒட்டிக் குடிசை போட்டுக்கொண்டு கல் உடைக்கப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் எங்கள் பாலவாடிக்கு வந்தவர்கள். தினமும் மத்தியானம் வெடி உண்டு. முதலில் சங்கு ஊதும். பிள்ளைகள் எல்லோரும் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பிறகு வெடிக்கும். தரை ஒரு தரம் தூக்கிப் போடும். நாட்டு ஓட்டிலிருந்து தூசியும் கரியும் பொலபொலவென்று கொட்டும். அதனால் எனக்கு ஒரு பழக்கம். சங்கு ஊதுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், பாதையை மறிப்பதற்காகச் சிவப்புக் கொடியோடு ஒருவர் சைக்கிளில் போவார். அடுப்படிச் சன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் நான் உப்புமாக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி, தட்டைப் போட்டு மூடிவிடுவேன். மூடாவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கரி உப்புமாதான். இந்தக் குண்டானை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் ஏலாக்குறிச்சிப் பக்கம். அப்பா விவசாயி, மாதா கோவிலில் வேதபாடமும் சொல்லிக் கொடுத்தவர். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போய் வருவார். பாலவாடி டீச்சர் என்றால் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தானும் தூங்குகிறவர் என்று நினைத்திருந்த எனக்கு, இவர் வந்த முதல் வாரமே தூக்கம் போயிற்று. எந்த மாதத்தில் எது கிடைக்குமோ அதை வைத்துப் பிள்ளைகளை ஏதாவது செய்யச் சொல்வார். சித்திரையில் நுங்கு தின்று போட்ட வெற்றுக் கூந்தலைக் குச்சியில் கோத்து வண்டி. ஆடியில் ஓலைக் காத்தாடி. ஆவணியில் களிமண் பிள்ளையார், குன்றிமணிக் கண்ணோடு. ஐப்பசி மழைக்குக் காகிதக் கப்பல். மார்கழி பிறந்தால் மூங்கில் பிளாச்சு கட்டிக் கலர் பேப்பர் ஒட்டிய நட்சத்திரம். பிள்ளையாரையும் நட்சத்திரத்தையும் ஒரே அலமாரியில் வைப்பார். செய்து முடித்ததும் அந்தப் பொருளுக்கு ஒரு பாட்டு, அவரே கட்டியது. பாட்டு வாயில் ஏறியதும் புத்தகம். புத்தகம் என்றால் கடையில் வாங்கியதல்ல. பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்துத் தைத்து, காலண்டரிலும் தீப்பெட்டியிலும் சோப்பு உறையிலும் இருக்கிற படங்களை வெட்டி ஒட்டியது. பிள்ளைகள் எச்சில் விரலால் புரட்டினாலும் கிழியாது. “மொதல்ல கையில குடுத்துடுவோம் ஆயா. பேரு அப்பறம் தானா வந்து ஒட்டிக்கும்” என்பார். ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட எங்களிடம் வந்து ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வளவளவென்று பேசின. “எம்புள்ளைக்கு வாயைக் கழட்டி மாட்டிட்டீங்க டீச்சர், இப்ப வூட்ல ஒக்கார முடியல” என்று ஒருத்தி வந்து பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டாள்.

பாப்பா வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயசு முடிந்திருக்கும். பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அவள் காதில் ஒருநாளும் விழாத பெயரை நீங்கள் மட்டும் கேட்டு என்ன ஆகப்போகிறது? எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பேச்சு வரவில்லை என்று சொல்லித்தான் அம்மா கொண்டுவந்து விட்டாள். “எங்க வூட்டுக்காரரே அஞ்சு வயசுலதான் பேசினாராம் டீச்சர், இப்ப நிறுத்த மாட்டேங்கறாரு” என்று சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். அன்றைக்கே மத்தியானம் பாப்பாவை என் கண்ணில் படும்படி அடுப்படிக்கு எதிரே உட்கார வைத்தோம், புதுப் பிள்ளை அழுமே என்று. கடைசிவரை அதுவே அவள் இடமாகிவிட்டது.

கொஞ்ச நாளிலேயே டீச்சர் ஒன்றைக் கவனித்தார். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பாப்பா காதைப் பொத்திக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகள் சங்கு கேட்டு, ஓடி, உட்கார்ந்து பொத்துவதற்குள் இவள் பொத்தித் தயாராக இருக்கிறாள். “பாம்புக் காது ஆயா இதுக்கு. நமக்குக் கேக்காததெல்லாம் இதுக்குக் கேக்குது” என்று டீச்சர் வியந்தார். அம்மாவிடமும் சொன்னார். அம்மா அந்த ஒரு வார்த்தையைத் தங்கத் தோடு போல எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் ஒருத்தி, “ஒம்மவ என்னாடி ஊமைக்கோட்டானாட்டம் முழிக்கிறா, காது கீது மந்தமா?” என்று கேட்டதற்கு, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாள். “எம்மவளுக்கா மந்தம்? சங்குக்கு முந்திக் காதைப் பொத்துறாடி அவ. ஒம்மவனுக்குச் சங்கு ஊதி, வெடிச்சு, பொக அடங்கினப்பறந்தான் காதுன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வருது!” குழாயடியே சிரித்தது. கேட்டவளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தேகத்தை ஊரில் யாரும் எழுப்பவில்லை. எங்கள் ஊரில் காதுக்குச் சோதனை என்றால் வெடிதான். அதில் பாப்பா முதலில் தேறியவள்.

ஆகவே குறை நாக்கில் என்று முடிவாயிற்று. வசம்பை உரைத்து நாக்கில் தடவினார்கள். கோவிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். மணியில் ஊற்றிய தண்ணீரைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். டீச்சர் தன் பங்குக்கு ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். எல்லாம் வாய்க்காகவே நடந்தது.

அவளுக்கு ஐந்து வயசானதும் அம்மா அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். டீச்சரும் நானும் துணைக்குப் போனோம். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். தன் மகள் கல் உடைக்கக் கூடாது, படிக்க வேண்டும். “எங்கம்மா நாத்து நட்டா, நான் கல்லு ஒடைக்கிறேன். இவ கையில பென்சிலாச்சும் இருக்கட்டும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் வயசு சரி. தலைமை ஆசிரியர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பாப்பா உடனே தொட்டாள். காதைத் திருகிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. “ஒம் பேரு என்னாம்மா?” என்றார். பாப்பா காதைப் பிடித்தபடியே நின்றாள். மறுபடி கேட்டார். அவர் நல்ல மனிதர், அதட்டவில்லை. “பேரு கேட்டாச் சொல்லணும்மா. சொல்ற அன்னைக்கிக் கூட்டியா, சேத்துக்கறேன்” என்றார். டீச்சர் முன்னால் வந்து, “சார், காது நல்லாக் கேக்குது சார். மைன்ஸ் சங்குக்கு முந்திக் காதைப் பொத்துற புள்ள. வாய்தான் கூச்சப்படுது. ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க, பேரைச் சொல்ல வச்சுக் கூட்டியாறேன்” என்றார். திரும்பி அம்மாவிடம், “நான் சொல்ல வைக்கிறேன், நீ கவலப்படாத” என்றார். அம்மா அன்றைக்கு டீச்சரைக் கும்பிட்டதை நான் பார்த்தேன். சாமியைக்கூட அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டாள்.

அந்த ஒரு வருஷம் டீச்சர் உழைத்த உழைப்பை என்னால் சொல்லி முடியாது. எல்லாமே பாப்பாவை நினைத்துத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் கைவேலை ஒன்று, கை அசைவு ஒன்று. மழைக்கு விரல்களைத் தலைக்கு மேலிருந்து துளித்துளியாக இறக்க வேண்டும். கப்பலுக்கு இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஆட்ட வேண்டும். பிள்ளையாருக்கு வயிற்றைத் தடவ வேண்டும். நட்சத்திரத்துக்கு விரலை விரித்துச் சுருக்க வேண்டும். ஆடிக்கு அவர் கட்டிய பாட்டு இது:

கொள்ளிடத்துக் காத்தே காத்தே
கொல்லப் பக்கம் வந்தாயா?
ஓலைக் கையத் தொட்டாயா?
ஒரு சுத்துச் சுத்துவாயா?

முதல் வரிக்குக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தூரத்தில் வரும் காற்றைக் கேட்பதுபோல நிற்க வேண்டும். அதைப் பாப்பாவைப் போல அழகாகச் செய்தவர் யாருமில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, உண்மையாகவே எதையோ கேட்டுவிட்டவள் போல நிற்பாள். வாயும் அசையும். சத்தம்தான் வராது, அல்லது ‘ஆ’ என்று ஓர் ஓசை மட்டும் வரும். “பாத்தியா ஆயா, ஒதடு அசையுது. உள்ள பாட்டு ஓடுது. வெளில வர ஒரு தம்தான் பாக்கி” என்பார் டீச்சர். பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது பாப்பாவைத்தான் முன்வரிசையில் நடுவில் நிறுத்தினார். அதிகாரி பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, “ரொம்ப நல்லாப் பாடுற” என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. மைன்ஸுக்கு விடுமுறை. வெடி கிடையாது. மத்தியானத்துக்கு மேல் டிராக்டரில் கொள்ளிடத்துக்குப் போவதாக ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கிளறிக்கொண்டிருந்ததால், பிள்ளைகள் காலைச் சுற்ற வேண்டாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். டீச்சர் வாழைமட்டையில் சின்னச் சின்னச் சப்பரம் செய்ய வைத்திருந்தார், ஆற்றங்கரையில் இழுத்து விளையாட. நானும் திருநாள் ஆயிற்றே என்று வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தேன். பேச்சுவாக்கில் அடி பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை வந்ததும் பதறிப்போய்க் குண்டானை இறக்கித் தட்டைப் போட்டு மூடினேன்.

பாப்பா சப்பரத்தைக் கீழே வைத்தாள். குந்தி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

சங்கு இல்லை, வெடி இல்லை. அவளைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பொத்தியபடி காத்திருந்தாள். நான் சிரித்தேன். “இன்னிக்கி வெடி இல்லடி, பொங்கல்தான்டி!” என்றேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. அவர் குண்டானைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, பாப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, அவள் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பின. பிள்ளைகள் திரும்புவதைக் கண்டு பாப்பாவும் திரும்பினாள். எப்போதும் அவளைத் திரும்ப வைத்தது எது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

மத்தியானம் அம்மா புதுப் பாவாடையோடு வந்து பாப்பாவை அழைத்துப் போனாள். “போயிட்டு வா, தண்ணில பத்தரம்” என்று மட்டும் டீச்சர் சொன்னார். சப்பரத்தை இழுத்துக்கொண்டு அவள் போவதைத் தெரு முனைவரை பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு நாள் இருக்கட்டும் ஆயா. என் கண்ணு தப்பாக்கூட இருக்கலாம்” என்றார். அது தப்பாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது.

மறுநாள் வெடி உண்டு. “இன்னைக்கிக் குண்டானை எறக்காத ஆயா. கரி விழுந்தா விழட்டும்” என்றார். பாப்பாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, துணிப் புத்தகத்தை மடியில் கொடுத்தார். சிவப்புக் கொடி சைக்கிள் போனது. நான் அடுப்பு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சங்கு ஊதியது. பிள்ளைகள் எல்லாம் பொத்திக்கொண்டார்கள். பாப்பா பக்கத்தைப் புரட்டினாள். காலண்டரில் இருந்து வெட்டிய மயிலை விரலால் தடவினாள். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். அப்போது வெடித்தது. தரை தூக்கிப் போட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, முதலில் பார்த்தது அடுப்பைத்தான். அங்கே குண்டான் இறங்காமல் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பதுபோல ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் காதைப் பொத்தினாள். எல்லாம் முடிந்த பிறகு.

அன்று உப்புமாவின் மேல்பாகத்தை வழித்துக் கொட்டினேன். டீச்சர் ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா வந்தாள். டீச்சர் சொன்னார். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அதற்குப் பின்னால் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். டாக்டர் வயசானவர், பொறுமையாகத்தான் பார்த்தார். பிறவியிலேயே கேட்காதது என்றார். இரண்டு வயசிலேயே கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம், இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. “பாட்டுச் சொல்லிக் குடுத்தோம் சார்” என்றார் டீச்சர். டாக்டர் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

காது கேட்காத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகவும், அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றும், கையால் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். பாப்பாவின் அப்பா சம்மதிக்கவில்லை. குடிகாரரோ கெட்டவரோ அல்ல. மகளை மடியில் வைத்துக்கொண்டே சோறு தின்கிற மனிதர். “பொட்டப் புள்ள டீச்சர். யாராச்சும் ஏதாச்சும் பண்ணாலும் சொல்லத் தெரியாத புள்ள. அதைக் கொண்டுபோயி கண்காணாத ஊர்ல விட்டுட்டு நான் எப்படிங்க தூங்குவேன்?” என்றார். டீச்சர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பாப்பாவின் அப்பா, “நீங்க சொன்னதைத்தான் ரெண்டு வருசத்துக்கு மேல நம்புனோம்” என்றார். சத்தம் போடாமல், கோபமில்லாமல் சொன்னார். டீச்சர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் பாப்பாவின் பள்ளிக்கூடத்தை மூடியது என்று நான் நினைக்கிறேன்.

சங்கு கேட்காதவளை மைன்ஸ் பக்கம் விட முடியாது. ஆகவே அவள் கல்லும் உடைக்கவில்லை. அம்மாவின் ஆசையில் பாதி அப்படி நிறைவேறிற்று. ஆடு மேய்த்தாள். வளர்ந்தாள். அவளுக்கு என்று யாரும் ஒரு மொழி சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பாலவாடியில் கற்ற பாட்டு அசைவுகளைத்தான் அவள் கடைசிவரை வைத்துக்கொண்டாள். மழை வருகிறது என்று சொல்ல, தலைக்கு மேலிருந்து விரல்களைத் துளித்துளியாக இறக்குவாள். ஆற்றுக்குப் போனதைச் சொல்ல, உள்ளங்கையைக் குவித்துக் கப்பல் ஆட்டுவாள். பசித்தால் பிள்ளையார் வயிறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் யார் வீட்டிலாவது நட்சத்திரம் தொங்கினால் ஓடிவந்து என்னிடம் விரலை விரித்து விரித்துக் காட்டுவாள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். பார்த்துவிட்டு நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். ஏனென்றால் அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. பாட்டில் வந்தது எல்லாம் அவளிடம் இருந்தது, பாட்டில் வராதது எதுவும் இல்லை. நேற்று என்பதற்குப் பாட்டு இல்லை. யார் என்பதற்கும் ஏன் என்பதற்கும் இல்லை.

அவள் பெரிய பெண்ணாகி, ஆடு ஓட்டிப் போன ஒருநாள், ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன. இருட்டுவதற்குள் அவளும் வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை. அம்மா கேட்டாள், அப்பா கேட்டார், நான் போய்க் கேட்டேன். மூலையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பயத்துக்கு அவளிடம் இருந்த ஒரே வார்த்தை அதுதான். நாய் துரத்தியதா, ஆள் துரத்தியதா, வழி தவறியதா, எங்கே, எப்போது? எது கேட்டாலும் காதைப் பொத்தினாள். என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எந்தப் பயத்தினால் அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டாரோ, அது வீட்டு வாசலுக்கே வந்து போனதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் அவள் அப்பா செத்துப்போனார். அன்றிலிருந்து அம்மா அவளைத் தனியாக விடுவதில்லை.

டீச்சர், நாங்கள் திருச்சிக்குப் போய்வந்த அந்த வருஷமே பாட்டை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் தாங்களாகப் பாடினால் தடுக்க மாட்டார், ஆனால் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சில வருஷம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். வேலையை விட்டுவிட்டு, அங்கே நிலம் வாங்கிக் குடியிருந்த தம்பி வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். “வா ஆயா” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நறுக்கினேன். என் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி எல்லாம் பேசினோம். கிளம்பும்போதுதான், “பாப்பா?” என்று கேட்டார். நான் விரலை விரித்து நட்சத்திரம் காட்டினேன், இன்னும் அப்படித்தான் காட்டுகிறாள் என்பதற்காக. தவறு செய்துவிட்டேன் என்று உடனே தெரிந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து மடக்கிவிட்டார். “நான் அதுக்குப் பேசச் சொல்லிக் குடுக்கல ஆயா. பேசற மாதிரி இருக்கச் சொல்லிக் குடுத்துட்டேன்” என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு.

இப்போது எங்கள் ஊர் மைன்ஸில் கல் தீர்ந்துவிட்டது. குழியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. சங்கு இல்லை. பாலவாடி இருந்த இடத்தில் அங்கன்வாடி இருக்கிறது, சுவரெல்லாம் மயிலும் யானையும். பிள்ளைகளுக்குக் காது சோதிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வரட்டும், நல்லதுதான். நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. பாப்பாவுக்கு நரை விழுந்துவிட்டது. அம்மா கூனிக் குறுகிப்போனாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு வருவதைப் பார்ப்பேன். அம்மாவைப் பார்த்தால் எனக்கு வரும் எண்ணம் ஒன்றுதான்: இந்தக் கை போன பிறகு அந்தக் கையை யார் பிடிப்பது? அவளும் அதையே நினைத்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்பது அவள் நடையில் தெரிகிறது. நான் நின்று பேசினால் அவள் பதில் பேசுவது குறைவு. மகளோடு இருந்து இருந்து பேச்சு அவளுக்கும் தேய்ந்துவிட்டது.

சுற்றி வந்துவிட்டேன். அந்தச் சாயங்காலத்துக்கே வருகிறேன்.

“…நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். டீச்சர் கையிலிருந்த காத்தாடியைக் குனிந்து பார்த்தார். வாசலில் பிள்ளைகள் கொள்ளிடத்துக் காற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்களை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். படியேறி உள்ளே வந்து, அவளுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு சத்தமும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல், தூசி படிந்த தன் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கித் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

பாப்பா அதைப் பார்த்ததும் சட்டென்று குந்தி உட்கார்ந்து, தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வெடிக்காகக் காத்திருந்தாள்.

அம்மா கையை எடுக்கவில்லை.